ராஜினாமா எழுதுவதற்கு முன் புகாரை எழுதுங்கள்

"அங்கிள், வேலய விட்டுட்டேன்" என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ராஜினாமா கடிதத்தைத்தான். பீடோங் தோட்டப் பக்கமிருந்து பினாங்கு கால் சென்டர் ஒன்றுக்குப் போன பெண் தன் போனை நீட்டினாள். வாடிக்கையாளர் ஒருவர் மூன்று வாரமாக அவள் பெயரைக் கேட்டுக் கேட்டு அழைத்து ஆபாசமாகப் பேசியிருக்கிறார். டீம் லீடரிடம் வாயால் சொன்னாள். "கஸ்டமர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பதில் வந்தது. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்." அவளுக்கு இருந்த வழிகளில் பாதியை அந்த வரியே அடைத்துவிட்டது.

பில் தப்பாக வந்த ஆத்திரத்தில் ஒருவர் கத்துவது இந்த வேலையோடு வருவது. குரலை உயர்த்தாமல் பேச விட்டு, தகவலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். ஆபாசமும் மிரட்டலும் அப்படியல்ல. "இப்படிப் பேசினால் அழைப்பைத் துண்டிக்க நேரிடும்" என்று ஒரு முறை எச்சரியுங்கள். எந்தக் கட்டத்தில் துண்டிக்கலாம் என்ற கம்பெனி விதியை வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அழைப்பு முடிந்த அன்றே, ஷிப்ட் முடிவதற்குள், எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, நேரம், டிக்கெட் எண், சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். கூச்சப்பட்டு "தவறாகப் பேசினார்" என்று பூசி மெழுகினால் பிறகு யாராலும் உதவ முடியாது. "ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்கவும்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அந்தப் பதிவை நீங்களே எடுத்து டிக்டாக்கில் போட்டுவிடாதீர்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குற்றம் உங்கள் மேல் திரும்பும்.

எங்கே போவது என்பதில்தான் நம்மவர்கள் அலைகிறார்கள். 1955 வேலைச் சட்டத்தின் பாலியல் தொல்லைப் புகார் சக ஊழியர், முதலாளி மேல் கொடுப்பதற்கானது. வெளியாள் செய்த தொல்லைக்கு 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் நடுவர் மன்றம் இருக்கிறது. 2024 மார்ச் 8 முதல் புத்ராஜெயாவில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. மிரட்டல் என்றால் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்து நகலைக் கையோடு வாங்குங்கள். தொலைத்தொடர்பு வழியே ஆபாசம், மிரட்டல் என்றால் 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு. 2025 பிப்ரவரி முதல் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகும். இணையப் பகடிவதைக்கு ஆளான டிக்டாக் பிரபலம் ஈஷா 2024இல் இறந்தபோது, இணையத்தில் அவரைத் திட்டிய ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் என்றதும் நாடே கொதித்தது. அதன் பிறகே 2025 ஜூலையில் பகடிவதைப் பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தன. ஓர் உயிர் போன பிறகுதான் அசைவார்கள்.

வாடிக்கையாளர் புகாரைக் காட்டிச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் மூன்றிலும் அலுவலகம் உண்டு. சம்பளச் சீட்டும் ஒப்பந்தமும் கையில் இருக்கட்டும்.

வேலையை விட்டு நீக்கினால் அது வேறு இலாகா: தொழில் உறவு இலாகா, ஜாபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹாஆன். 1967 தொழில் உறவுச் சட்டம் 20ஆவது பிரிவின்படி நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். 60 வேலை நாள் அல்ல. ஞாயிறும் தீபாவளியும் சேர்ந்த 60 நாள். தவறான கவுண்டரில் நிற்கிறவரிடம் "இது இங்கே இல்லை" என்பதோடு முடித்துக்கொள்ளும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடத்தைத் தராததால் வாரக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு. அறுபது நாள், மறக்காதீர்கள்.

தொல்லை தாங்காமல் நீங்களே விலகினாலும், அது நீக்கத்துக்குச் சமம் என்று அங்கே வாதிடலாம். ஆனால் விலகுவதற்கு முன் அனுப்பிய புகார் மின்னஞ்சல் வேண்டும். "சொந்தக் காரணம்" என்று எழுதவே எழுதாதீர்கள்.

தூக்கம் கெட்டால், ஹெட்செட்டைப் பார்த்தாலே கை நடுங்கினால் கிளினிக்கில் காரணத்தைச் சொல்லி எம்.சி. எடுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம்.

அந்தப் பெண் என்னிடம் வந்தது அறுபத்து மூன்றாம் நாள்.