ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... அதை எப்போ நிறுத்தணும் தெரியுமா?

சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயிலில் விருத்தாசலத்தைத் தாண்டினால் வருகிற ஊர், பெண்ணாடம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் இதுதான் என்கிறது சைவ மரபு. 13-ம் நூற்றாண்டுக் கதை. ஆனால், இன்றைக்கு வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு முன்னால் நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மெய்கண்டார் சின்னப் பையனாக இருந்தபோதே திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அவருடைய குடும்பத்துக்கே குருவாக இருந்த அருணந்தி என்ற பெரிய பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை. தன் மாணவர்களே ஒருவர்பின் ஒருவராக அந்தப் பையனிடம் போய் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? நேரில் போய் நின்றார். "ஆணவம்னா அது எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பையன் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டு நின்றவரையே சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. பண்டிதர் அந்தப் பையனுக்கே மாணவரானார்.

கரும்பலகை இல்லை, புத்தகம் இல்லை, நீளமான விளக்கமும் இல்லை. சரியான நேரத்தில் பேச்சை நிறுத்தி, கேட்டவரையே யோசிக்க வைத்ததுதான் அங்கே நடந்தது. இன்றைக்கு நம் பள்ளிகளில் கருவிகளுக்குக் குறைவில்லை. அந்த 'நிறுத்தல்'தான் பல இடங்களில் காணாமல் போகிறது.

கையில் என்னவெல்லாம் இருக்கு?

கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2011-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வந்தது. 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் க்யூ.ஆர். கோடு அச்சானது. 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023-ல் அனிமேஷன் பாடங்களோடு 'மணற்கேணி' செயலி வந்தது. பிறகு ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் 20,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர் கையில் டேப்லெட்.

சென்னையில் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிற பள்ளியில் இருப்பது, கரும்பு வெட்டப் போகிற அப்பா அம்மாவின் பிள்ளைக்கும் கிடைக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் புரியாவிட்டால் சாயங்காலம் டியூஷன் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அந்த 40 நிமிஷம்தான் எல்லாமே. அதில் வீடியோ வெறுமனே ஓடி முடிந்தால், நஷ்டம் முழுக்க அந்தப் பிள்ளைக்குத்தான்.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு உலக அளவிலும் சாட்சி இருக்கிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 'பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட அறிக்கை, 15 மாதங்கள் கழித்தும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை என்றது.

காளிக்குப்பம் சொன்ன பாடம்

நம்ம பக்கத்துக்கே வருவோம். 1999-ல் டெல்லியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டரை வைத்து, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தவர் சுகதா மித்ரா. சில ஆண்டுகள் கழித்து, சுனாமி பாதித்த காளிக்குப்பம் என்ற தமிழ் கிராமத்தில் இன்னும் கடினமான ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே பேசுகிற பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் உயிரியல் பாடத்தை, டி.என்.ஏ. தன்னைத்தானே எப்படி நகலெடுக்கிறது என்பதை, ஆசிரியரே இல்லாமல் கம்ப்யூட்டரில் கற்க முடியுமா?

தொடக்கத்தில் மதிப்பெண் பூஜ்யம். சில மாதங்கள் கழித்து 30 சதவிகிதத்தைத் தொட்டார்கள். யாரும் சொல்லித் தராமல் இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் தேர்ச்சிக்குப் போதாது.

அப்போதுதான் அவர் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளோடு பழகிக்கொண்டிருந்த, கணக்கு எழுதும் வேலை பார்க்கிற ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு அழைத்தார். அந்தப் பெண்ணுக்கும் உயிரியல் தெரியாது. 'பாட்டி மாதிரி பின்னால் நின்றால் போதும்' என்றார். பேரன் ஏதாவது செய்தால் நம்ம வீட்டுப் பாட்டி என்ன கேட்பார்? "அடடே, இதை எப்படிடா பண்ணின? எனக்கும் சொல்லு பார்ப்போம்!" அதேதான் அந்தப் பெண்ணின் வேலை. மதிப்பெண் 50-க்கு ஏறியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பாடம் எடுத்த டெல்லி தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமம்.

இது சிறிய ஆய்வு. 'அப்போ ஆசிரியரே வேண்டாம்' என்று இதை வைத்துச் சொன்னவர்களும் உண்டு. எனக்கென்னவோ எண்கள் வேறொன்றைச் சொல்வதாகத்தான் படுகிறது. 30-ஐ 50 ஆக்கியது கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் அல்ல. பக்கத்தில் நின்று கேள்வி கேட்ட ஒரு மனுஷி. பாடமே தெரியாத ஒருவர் நின்றாலே இவ்வளவு என்றால், பாடம் தெரிந்த ஆசிரியர் நின்று கேட்டால்?

'புரிஞ்சிடுச்சு சார்' என்கிற மாயை

வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். சமையல் வீடியோ பார்க்கும்போது நமக்கும் அப்படித்தானே? அடுப்படிக்குப் போனால்தான் எது முதலில், எது பிறகு என்று குழம்பும்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது முதல் குழு முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்த குழு முந்தியது. கூத்து என்னவென்றால், 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்தது திரும்பத் திரும்பப் படித்த குழுதான்.

வகுப்பில் வீடியோ முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது மிஸ்" என்று ஒரே குரலில் பதில் வருவது இதனால்தான். பொய் சொல்லவில்லை, பாவம். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒரு பாடத்தை இப்படி நடத்திப் பாருங்களேன்

பெண்ணாடம் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலம். செராமிக் தொழிலுக்குப் பேர் போன ஊர். பொம்மையும் அகல் விளக்கும் சூளையிலிருந்து வருவது தெரியும். ஆனால் சூளைக்குள்ளே மண்ணுக்கு என்ன ஆகிறது? 'இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம்' பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எது?

முதல் பத்து நிமிஷம் திரையைப் போடாதீர்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுங்கள். ஒன்றின் பக்கத்தில் வெயிலில் நன்றாகக் காய்ந்த களிமண் உருண்டை, இன்னொன்றின் பக்கத்தில் சுட்ட அகல் விளக்குத் துண்டு. 'இரண்டையும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? ஏன்?' ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதட்டும். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை. எழுதியவுடன் அந்தப் பிள்ளைக்குப் பாடத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. 'நான் சொன்னது நடக்குதா' என்று பார்க்கத் தோன்றும். பிறகு போடுங்கள், டம்ளர் அப்படியே இருக்கட்டும்.

இப்போது திரை. சூளை எரியும் மூன்று நிமிஷ வீடியோ போதும். சூளைக்குள்ளே யாரும் எட்டிப் பார்க்க முடியாது, திரைக்கு இங்கேதான் வேலை. நடுவில் நிறுத்துங்கள். "இப்போ மண்ணுக்குள்ளேருந்து என்ன வெளியே போகுது?" காத்திருங்கள். பத்து விநாடி அமைதி நமக்குத்தான் நீளமாகத் தெரியும், பிள்ளைக்கு அது யோசிக்கிற நேரம். 'ஈரம் போகுது' என்று ஒருவர் சொல்வார். சரிதான், ஆனால் அது மேலோட்டமான ஈரம். வெயிலே அதை எடுத்துவிடும். களிமண்ணோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்திருக்கும் நீர், சுமார் 500, 600 டிகிரி செல்சியஸில்தான் வெளியேறும். அது போன பிறகு மண் பழைய மண் ஆகாது.

இப்போது டம்ளரைப் பாருங்கள். வெயிலில் காய்ந்த உருண்டை கரைந்து உட்கார்ந்திருக்கும். சுட்ட துண்டு அப்படியே இருக்கும். ஒன்று திரும்பக்கூடிய மாற்றம், இன்னொன்று திரும்பாத மாற்றம்.

கடைசி ஐந்து நிமிஷம் திரையை அணைத்துவிடுங்கள். புத்தகத்தையும் மூடிவிட்டு, தெரிந்ததை மூன்று வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே கேள்வியை இரண்டு நிமிஷம் திரும்பக் கேளுங்கள். 40 நிமிஷத்தில் வீடியோ ஓடியது மூன்று நிமிஷம். பாடம் முழுக்க நடந்தது.

கடைசி பெஞ்ச் பிள்ளைக்கு?

ஏழாம் வகுப்புப் பாடத்தை அருமையான அனிமேஷனில் போடுகிறோம். கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கழித்தலே வரவில்லை என்றால்? இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் நிஜமாகவே கைகொடுக்கும்.

டெல்லியில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை படிக்கும் 619 மாணவர்களிடம் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். 2019-ல் வெளியான ஆய்வு அது. அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காது, அந்தப் பிள்ளைக்கு எது தெரியும் என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிக்கும். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அங்கேயும் பாதி நேரம்தான் கம்ப்யூட்டர், மீதிப் பாதி சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு பயிற்றுநரோடு.

தமிழ்நாட்டிலும் பார்த்தோமே! கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது டி.வி.யும் போனும் பாடம் சொல்லின. ஆனாலும் கற்றல் இழப்பு பெரிதாக இருந்தது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டது என்றது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இருந்தது என்ன? சாயங்காலம் தெருவில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்த தன்னார்வலர்கள். பெரும்பாலும் நம்ம ஊர் அக்காக்கள்.

ஆசிரியர்களுக்குச் சில கைமுறைகள்

• வீடியோவை முதல் நாளே பதிவிறக்கி பென் டிரைவில் வையுங்கள். வகுப்பில் சிக்னல் தேடினால் பத்து நிமிஷம் போய்விடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் பாடத் திட்டத்தில் இருக்கட்டும்.

• எங்கே நிறுத்தப் போகிறீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு கேள்வி.

• கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தடவை திரையைப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா, ஜன்னல் வெளிச்சம் கூசுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

• சில டேப்லெட்கள்தான் இருக்கின்றனவா? நாலைந்து பேருக்கு ஒன்று என்று கொடுங்கள். தட்டுகிற கை மாறிக்கொண்டே இருக்கட்டும். இல்லாவிட்டால் முன் பெஞ்ச் பிள்ளையிடமே தங்கிவிடும்.

• கண்ணால் பார்க்க முடியாததற்குத் திரை. பார்க்க முடிந்ததற்குக் கால்கள். பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். அதனால்தான் 'தூங்கானை மாடம்' என்று பெயர். அதை இணையத்தில் தேடிக் காட்ட வேண்டியதில்லை. நேரில் போய்ப் போனில் படம் எடுங்கள். வகுப்பில் திரையில் போட்டு, ஒரு செவ்வகமும் ஓர் அரைவட்டமும் சேர்ந்த வடிவமாக வரைந்து சுற்றளவு கணக்கிடச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது, நான் என்னத்தச் சொல்லித் தர?" என்று ஒதுங்காதீர்கள். காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் பாடம் தெரியாது. புத்தகத்தில் இருக்கும் க்யூ.ஆர். கோடை உங்கள் போனில் பிள்ளையே ஸ்கேன் செய்து பார்க்கட்டும். முடிந்ததும் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "இப்போ எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சோறு பிசைந்துகொண்டே கேட்டாலும் போதும். உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். திணறினால், நாளைக்கு டீச்சரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

நாளைக்கு வகுப்பில் வீடியோ போடும் ஆசிரியரா நீங்கள்? ஒரே ஒரு தடவை, பதில் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, கடைசி பெஞ்ச் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்லும்வரை பட்டனைத் தொடாதீர்கள்.