எடை குறைந்த பின் வரும் பசி

எடை குறைத்தவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது, "எப்படி டீச்சர் குறைச்சீங்க?" என்பதுதான். "குறைஞ்ச எடை ஏறாம எப்படிப் பாத்துக்கறீங்க?" என்று கேட்பவர் அரிது. என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதுதான் கடினம்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். வயது 46. ஒரு நாளில் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து, மீதி 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் இடைவெளி விரதத்தின் மூலம் பத்து மாதங்களில் 81 கிலோவிலிருந்து 71 கிலோவுக்கு வந்தேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று 72 கிலோ இருக்கிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குத் துணையாக நின்றது மனஉறுதி அன்று. பசி எப்படி இயங்குகிறது என்ற புரிதல்தான். அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விரதம் செய்ததும் செய்யாததும்

விரத நேரத்துக்கென்று தனி மாயசக்தி இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடம் 12 மாதங்கள் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் உண்டனர். மற்றொரு பிரிவினருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. இரு பிரிவினருக்கும் கலோரி வரம்பு ஒன்றே. ஓராண்டு முடிவில் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

உண்ணும் நேரம் சுருங்கும்போது பலருக்கு உண்ணும் அளவும் தானாகச் சுருங்குகிறது. எடை குறைவதற்குக் காரணம் அதுதான். எனவே எடை குறைந்த பிறகு 16 மணி நேரக் கணக்கை விட்டால் எல்லாம் வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதே சமயம், மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டால் மட்டும் போதும் என்று இருந்துவிடவும் முடியாது.

பசி ஏன் கூடுகிறது?

நம் உடலில் பசியைப் பற்றி மூளைக்குச் செய்தி சொல்லும் ஹார்மோன்கள் பல. அவற்றுள் இரண்டை அறிந்துகொள்வது நல்லது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று மூளைக்கு அறிவிக்கிறது. இது 1994இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினரால் கண்டறியப்பட்டது. முதன்மையாக இரைப்பை சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. இது 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது.

கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறைகிறது; கிரெலின் கூடுகிறது. உடலுக்கு நம் நோக்கம் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டதாகவே அது எடுத்துக்கொள்கிறது.

இந்த மாற்றம் சில வாரங்களில் சரியாகிவிடுமா? மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். மிகக் குறைந்த கலோரி உணவை 10 வாரங்கள் உண்டு எடை குறைத்தவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவர்கள் உணர்ந்த பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் இதற்கு ஒரு கணக்கையும் தந்தார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவிடும் ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது. ஆனால் உண்ணத் தூண்டும் உந்துதல் ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. இது ஒரு மதிப்பீடு. ஆளுக்கு ஆள் மாறும். இருந்தாலும் பத்து கிலோ குறைத்த என்னைப் போன்றவருக்குப் பொருத்திப் பாருங்கள். செலவு 200 முதல் 300 கலோரி குறைந்திருக்கிறது. உண்ணத் தூண்டும் உந்துதலோ ஏறத்தாழ 1000 கலோரி கூடியிருக்கிறது.

எடை திரும்ப ஏறியவரைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியலை" என்கிறோம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

பசி அலையாக வரும்

கிரெலின் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வழக்கமாக உண்ணும் நேரத்துக்கு முன் உயர்ந்து, பிறகு தாழ்கிறது. பத்தே முக்கால் இடைவேளையில் தேநீரும் வடையும் பழகியவருக்கு, மணி அடிக்கும் முன்பே வயிறு கேட்கும். ஒரு நாள் அந்த வடையைத் தவிர்த்துப் பாருங்கள். பசி கூடிக்கொண்டே போகாது. சிறிது நேரத்தில் அடங்கும். உண்ணும் நேரத்தை மாற்றிச் சில வாரங்கள் தொடர்ந்தால் பசி எழும் நேரமும் மெல்ல மாறும்.

இதனால் நான் கண்டுகொண்டது: உணவு நேரம் நாளுக்கு நாள் மாறக் கூடாது. வேலைநாளில் ஒரு நேரம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நேரம் என்றிருந்தால் பசி கட்டுக்குள் வருவதில்லை. எடை குறைந்த பிறகு நான் 16 மணி நேரத்தை 12 மணி நேரமாகத் தளர்த்திக்கொண்டேன். இரவு உணவு ஏழரைக்கு. காலை உணவு ஏழரைக்கு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நின்று, தொடர்ந்து நான்கு பாடவேளை பேச வேண்டிய நமக்கு இது பொருந்தி வருகிறது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்கும் வேகமும் எனக்குக் குறைந்தது.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

வயிற்றை நீண்ட நேரம் அமைதியாக வைப்பவை புரதமும் நார்ச்சத்தும். ஆரோக்கியமான பெரியவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 72 கிலோ எடையுள்ள எனக்கு அது ஏறத்தாழ 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது. இட்லியும் சட்னியும் மட்டுமாக இருந்த காலை உணவில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்ததும், பத்தே முக்கால் பசி பாதியாகக் குறைந்தது.

மதிய உணவுப் பெட்டியில் சோற்றை ஒதுக்கவில்லை. ஆனால் காய்க்கென்று தனியாக ஒரு பெரிய டப்பா எடுத்து வருகிறேன். முதலில் காயும் பருப்பும், பிறகு சோறு. சிறுதானியத்துக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமைக்காத நிலையில் எடைக்கு எடை பார்த்தால் அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. நார்ச்சத்துக்காக அதைச் சேர்க்கலாம். ஆனால் சிறுதானியம்தானே என்று இரண்டு பங்கு உண்டால் எடை ஏறவே செய்யும்.

தேநீரில் சர்க்கரையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி 5 கிராம். அதாவது 20 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் மூன்று கோப்பை என்றால் 120 கலோரி. குறைந்துபோன செலவில் பாதியளவை இந்தச் சர்க்கரையே நிரப்பிவிடும்.

உறக்கமும் நடையும்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டபோது அவர்களது லெப்டின் குறைந்தது. கிரெலினும் பசியும் கூடின. இது சிறிய ஆய்வுதான். ஆனால் தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் ஏன் அவ்வளவு பசிக்கிறது என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. இப்போது தாள்களை இரவு பத்து மணிக்கு மூடிவிடுகிறேன்.

எடையைக் குறைத்து நெடுங்காலம் தக்கவைத்தவர்களைப் பற்றிய அமெரிக்கத் தேசியப் பதிவேடு 1994இல் தொடங்கப்பட்டது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைக் காத்தவர்களே அதில் உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் காணப்பட்ட பழக்கங்கள் மூன்று: நாள்தோறும் காலை உணவு உண்பது, வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பது, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலியக்கம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடக்க நமக்கு வாய்க்காது. காலையில் அரை மணி, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை பத்து நிமிடம், இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் தேவை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும்.

மூன்று நிறங்கள்

எடை காப்பதற்கு ரெனா விங் குழுவினர் வகுத்த ஓர் எளிய முறை 2006இல் வெளியான ஆய்வில் சோதிக்கப்பட்டது. குறைந்த எடையிலிருந்து கூடுதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை. இப்போதுள்ள பழக்கமே போதும். அதைத் தாண்டினால் மஞ்சள். எங்கே நழுவியது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு. எடை குறைப்பு முறையை மீண்டும் தொடங்க வேண்டும். 18 மாதங்களில், சாதாரணத் தகவல் மடல் மட்டும் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. நேரில் கூடி இம்முறையைப் பயின்றவர்களில் அது சுமார் 46 விழுக்காடு. இதில் எனக்குப் பிடித்தது, பத்து கிலோவும் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. பொங்கல் விடுமுறையும் இரண்டு கல்யாணமும் முடிந்து மஞ்சளுக்கு வந்தால், இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை நீரிழிவு மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் உணவைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரத முறையைத் தொடக் கூடாது. கருவுற்றோருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உணவுக் கோளாறு இருந்தவர்களுக்கும் இது உகந்ததன்று.

வளரும் பிள்ளைகளுக்கு இது அறவே கூடாது. பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். "நான் காலையில சாப்பிடறதே இல்ல, எவ்வளவு இளைச்சுட்டேன் பாரு" என்று தாழ்வாரத்தில் நாம் சொல்வது ஒன்பதாம் வகுப்பு மாணவியின் காதில் விழுந்தால், மறுநாள் அவள் காலை உணவை விட்டுவிடலாம். வகுப்புப் பிள்ளைகள் பசியோடு பாடத்தில் அமரக் கூடாது என்றுதான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் முன் பசித்திருப்பதைப் பெருமையாகப் பேசுவது பொருந்தாது.

எனவே என் எடையைப் பற்றி வகுப்பில் பேசுவதில்லை. எந்தப் பிள்ளையின் எடையைப் பற்றியும் பேசுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஹார்மோன் பாடம் வரும்போது மட்டும், பசியும் ஹார்மோன்களின் ஆளுகைக்கு உட்பட்டதே என்று ஐந்து நிமிடம் சேர்த்துச் சொல்கிறேன். உடன் படிப்பவனைக் "குண்டன்" என்று கூப்பிடும் பழக்கத்தைக் கண்டிப்பதைவிட, அவன் உடல் எப்படி இயங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்ல பலன் தருகிறது.