கடைமடைக்கு எட்டாத தரவு

‘சர்வர் கிடைக்கவில்லை, நாளைக்கு வாருங்கள்.’ தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் நெல் கொள்முதல் நிலையங்களிலும் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் திரையில் தெரிவது அவ்வளவுதான். ஆனால், எங்கோ இருக்கும் சர்வர் பெரும்பாலான நேரங்களில் நலமாகவே இருக்கிறது. அதற்கும் கடைக்கும் நடுவே, வழியில் ஏதோ ஓரிடத்தில் தரவு தொலைந்துபோகிறது. எந்த இடத்தில் என்று யாரும் கேட்பதில்லை. அலுவலகங்களின் இணைய வலையமைப்பைப் பராமரிப்பது என் தொழில். இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதன் விலையை அன்றாடம் பார்த்துவருகிறேன்.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. கொள்முதல் நிலையங்களில் நெல்லை விற்கவும் விவசாயிகள் இணையவழியில் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிற காலத்தில், பதிவு ஒரு நாள் தள்ளிப்போனால் களத்தில் கொட்டிக்கிடக்கும் நெல் நனைகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலுக்குத் தகுதியில்லை என்பது பொதுவிதி. ஒவ்வொரு முறையும் தளர்வு கேட்டு மன்றாட வேண்டியிருக்கிறது. இணையத்தின் கோளாறு இங்கே மூட்டை நெல்லின் விலையாக மாறிவிடுகிறது.

பொட்டலமும் வாய்க்காலும்

இணையத்தில் எந்தத் தகவலும் முழுதாகப் பயணிப்பதில்லை. பொதுவாக 1,500 பைட்டுக்கு மிகாத சிறு பொட்டலங்களாக அது நறுக்கப்படுகிறது. ஒரு மெகாபைட் அளவுள்ள ஒளிப்படம் ஏறத்தாழ 700 பொட்டலங்களாகப் புறப்படும். ஒவ்வொன்றின் மீதும் முகவரி எழுதப்பட்டிருக்கும். கட்டிடத்துக்குள் அவற்றைப் பிரித்து அனுப்புவது ‘சுவிட்ச்’; ஊர்விட்டு ஊர் வழிகாட்டுவது ‘ரவுட்டர்’.

டெல்டாக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மேட்டூரில் திறந்த நீர் முக்கொம்பில் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. பின்னர் கிளையாறுகள், வாய்க்கால்கள் வழியே வயலுக்கு வருகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மதகு, ஒரு கணக்கு. நியாயவிலைக் கடைக் கருவியின் பொட்டலமும் அப்படித்தான்: சிம் அட்டையிலிருந்து கோபுரத்துக்கு, கோபுரத்திலிருந்து கண்ணாடியிழை வழியே நகரத்துக்கு, அங்கிருந்து தரவு மையத்துக்கு. பல மதகுகளைக் கடந்துதான் போய்ச் சேர வேண்டும்.

ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வழியில் வீணான நீர் திரும்பாது. தொலைந்த பொட்டலத்தையோ அனுப்பிய கணினி மீண்டும் அனுப்பும். அதோடு, பாதை நெரிசலாக இருப்பதாகக் கருதித் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எனவே, இழப்பு இழப்பாகத் தெரியாது, தாமதமாகத் தெரியும். வழக்கமான விதிமுறைப்படி இயங்கும் ஒரு தொடர்பில் போய்வர 50 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தால்கூட, 100 மெகாபிட் திறனுள்ள இணைப்பில் அந்தத் தொடர்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 மெகாபிட்தான். ஒரு சதவீத இழப்பு, ஒரு சதவீதப் பாதிப்போடு நின்றுவிடுவதில்லை.

இரண்டு வகை இழப்புகள்

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் ஓடியது. காவிரி தாங்காத நீரைக் கொள்ளிடம் கொண்டுசெல்வது அமைப்பின் ஓர் அங்கம். அது கோளாறு அல்ல. அதே மாதம் 22ஆம் தேதி, 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் உடைந்தன. அது கோளாறு. அந்த நாள்களிலேயே கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்ற முறையீடும் எழுந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

ரவுட்டரிலும் இப்படித்தான். உள்ளே வரும் பொட்டலங்கள் வெளியேறும் பாதையின் திறனை மிஞ்சும்போது, சற்று நேரம் அவற்றை வரிசையில் நிறுத்திவைக்கும். வரிசையும் நிரம்பினால் மிச்சத்தைக் கைவிடும். இது திட்டமிட்ட வடிகால். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32 ஆயிரம் பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் எல்லாக் கணினிகளும் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் காரணம். இழப்பைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற ஒழுங்கை வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்தளித்த பிறகே இணையம் நிலைபெற்றது. ஆகவே, கைவிடப்படும் ஒவ்வொரு பொட்டலமும் பழுதின் அடையாளம் அல்ல. வரிசையை நீளமாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. அப்போது பொட்டலம் தொலையாது, ஆனால் காலம் கடந்து வந்து பயனற்றுப்போகும்.

மற்றொரு வகை, உடைந்த மதகு. அழுக்கேறிய இணைப்பு, அளவுக்கு மீறி வளைந்த கண்ணாடியிழை, எலி கடித்த கம்பி, மழைநீர் புகுந்த இணைப்புப் பெட்டி ஆகியவற்றால் பொட்டலம் வழியில் சிதைகிறது. பெறும் கருவி அதன் முடிவில் உள்ள சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஓசையின்றி எறிந்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. சுவிட்சும் ரவுட்டரும் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியே கணக்கு வைத்திருக்கின்றன: சிதைந்து வந்தவை எத்தனை, இடமின்றிக் கைவிடப்பட்டவை எத்தனை என்று. கணக்கைச் சுழியத்தில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், எது ஏறுகிறதோ அது கதையைச் சொல்லிவிடும். சிதைவு ஏறினால் கம்பியைப் பார்க்க வேண்டும். கைவிடல் ஏறினால் நெரிசலை.

தலைப்பிலிருந்து நடந்து பார்த்தல்

வயலுக்கு நீர் வராவிட்டால், மதகு மதகாக நடந்து, நீர் கடைசியாக எங்கே இருந்தது என்று பார்ப்பார்கள். வலையமைப்பிலும் முறை அதுவே. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரல், ஒரு பொட்டலத்தை அனுப்பி அது திரும்புகிறதா என்று பார்க்கிறது. முதலில் அறைக்குள்ளிருக்கும் கருவி, அடுத்துச் சேவை நிறுவனத்தின் முதல் ரவுட்டர், பிறகு அதற்கு அப்பால் என்று கட்டம் கட்டமாகச் சோதிக்க வேண்டும். இடையிலுள்ள ஒரு ரவுட்டர் மட்டும் பதில் தராமல், அதற்கு அப்பாலுள்ளவை முறையாகப் பதில் தந்தால் அங்கே இழப்பு இல்லை. அந்த ரவுட்டர் விசாரிப்புகளுக்குப் பதிலளிப்பதைப் பின்தள்ளியிருக்கிறது, அவ்வளவே. இதை இழப்பென்று எண்ணிப் பழிபோடுவது மிகப் பரவலான பிழை. ஓய்ந்த நேரத்தில் மட்டும் சோதித்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்பது அடுத்த பிழை.

நான் பார்த்த அலுவலகம் ஒன்றில், வேகம் போதவில்லை என்று கூடுதல் கட்டணத்தில் பெரிய திட்டத்துக்கு மாறியிருந்தார்கள். நிலைமை மாறவில்லை. காரணம், ஒரு கம்பியின் இரு முனைகளுக்கிடையே இருந்த உடன்பாடின்மை. ஒரு முனையில் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் முறை கையால் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. மறுமுனை, தானாகவே பேசி முடிவெடுக்க முயன்று, பதில் கிடைக்காமல், அனுப்புவது அல்லது பெறுவது என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் பழைய முறைக்கு இறங்கியிருந்தது. ஒன்றிரண்டு பொட்டலங்கள் தடையின்றிப் போயின. காலையில் வேலை சூடுபிடித்ததும் மோதின. இரு முனைகளையும் ஒன்றாக அமைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்பு எத்தனை பேர் ‘நாளைக்கு’ அனுப்பப்பட்டிருப்பார்கள்?

அளவு வெளியே தெரியட்டும்

‘பாரத்நெட்’ திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பொறுப்பு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊராட்சிக்கு ஒரு கிகாபிட் என்ற இலக்கு பெருமைக்குரியது. ஆனால், அது மேட்டூரில் திறக்கப்படும் அளவைப் போன்றது. பேராவூரணிக்காரரும் தலைஞாயிறுக்காரரும் மேட்டூரின் அளவைக் கேட்டு நிறைவடைவதில்லை. தம் வாய்க்காலுக்கு வந்ததைத்தான் கேட்கிறார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் வகுத்த அகண்ட அலைவரிசைத் தர விதிகளிலேயே பொட்டல இழப்பு ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. 2024இன் புதிய விதிமுறைகளிலும் பொட்டல இழப்பு அளவுகோலாகத் தொடர்கிறது. அளவுகோல் இருக்கிறது, அதைக் கடைசி முனையில் வைத்துப் பார்ப்பதுதான் தேவை. மாதச் சராசரி போதாது. நள்ளிரவில் சுழிய இழப்பும் காலை பத்து மணிக்குப் பெரும் இழப்பும் சேர்ந்தால் சராசரி அழகாகத்தான் இருக்கும். ரேஷன் கடை திறந்திருக்கும் நேரத்தில், கொள்முதல் நடக்கும் பருவத்தில், ஒவ்வொரு முனையிலும் அளந்த இழப்பை ஆறுகளின் நீர்வரத்தைப் போல மாவட்ட நிர்வாகம் அன்றாடம் வெளியிடலாம். இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. இருக்கும் கருவிகள் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

அதுவரை ஓர் எளிய ஏற்பாடாவது வேண்டும். இணைப்பு தவறும்போது, வந்தவரின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் குறித்து, பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு சரிபார்க்க வழி இருக்க வேண்டும்; கொள்முதல் நிலையத்தில் அவர் வந்த நாளே பதிவு நாளாகக் கொள்ளப்பட வேண்டும். வழியில் தொலைந்த பொட்டலத்தைக் கணினி தானே மீண்டும் அனுப்பிக்கொள்ளும். திருப்பி அனுப்பப்பட்ட முதியவர் மறுநாளும் வெயிலில் நடந்துதான் வர வேண்டும்.