இதயக்கனி பார்த்தோம், பிச்சாவரம் பார்த்தோமா?

மங்கலம்பேட்டை மளிகை வணிகர் ஒருவர் அண்மையில் மகனுக்குத் திருமணம் முடித்தார். மணமக்கள் மால்ட்டா போக ஆசைப்படுவதாகவும் விவரம் வேண்டும் என்றும் நம்மிடம் வந்தார். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) படத்துப் பாடல் காட்சி அங்கே எடுக்கப்பட்டதாம். மால்ட்டா மத்தியதரைக் கடலில், இத்தாலிக்குத் தெற்கே கிடக்கும் சிறு தீவு நாடு. ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். விமானம் மாறித்தான் போக வேண்டும். விசாரித்துச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பையன் போய் வரட்டும். நமக்கு ஏது போக்கு? கடையை யார் பார்ப்பது?” என்றார்.

பேச்சு வளர்ந்ததில் தெரிந்தது, அவர் எம்.ஜி.ஆர். ரசிகர். சிறுவனாக டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து ‘இதயக்கனி’யை நான்கு முறை பார்த்தவர். சத்யா மூவிஸ் தயாரித்து ஏ. ஜெகந்நாதன் இயக்கி 1975-ல் வெளிவந்த அந்தப் படத்துக்காகப் பிச்சாவரத்து நீர்வழிகளில் படமெடுத்தார்கள். நம்மூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த இடத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை! அவர் மனைவியும் பார்த்ததில்லை. அவர் ஒருவரைக் குறை சொல்வானேன்? நம் கடைவீதியில் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் இதே பதிலைத்தான் சொல்வார்கள்.

நாம் எல்லோரும் சேர்ந்து கதவடைப்பது மே 5 வணிகர் தினத்தன்றுதான். அன்றும் நாம் மட்டும் வேனேறி மாநாட்டுக்குப் போகிறோம். கல்லாவில் நமக்கு மாற்றாக உட்காரும் இல்லத்தரசி வீட்டில்தான் இருக்கிறார். ஆண்டுக்கு இன்னும் ஒரு நாள், குடும்பத்துக்காகக் கடைவீதியே சேர்ந்து அடைத்தால் என்ன என்பது நம் யோசனை.

உடனே எழும் கேள்வி வியாபாரம் போய்விடுமே என்பது. ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் விற்கும் மளிகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கிறதென்றால் நாம் இழப்பது ஆயிரத்து அறுநூறு, இருபதாயிரம் அல்ல. அதுவும் முழுதாகப் போவதில்லை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறவர் முதல் நாளோ மறுநாளோ வாங்கத்தான் போகிறார். பால், தயிர், ரொட்டி, கீரைதான் அன்றைக்கு விட்டால் விட்டதுதான். நமக்குள்ள உண்மையான அச்சம், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவாரோ என்பது. பக்கத்துக் கடையும் அடைத்திருந்தால் அந்த அச்சத்துக்கு இடமேது? ஆகவே ஒருவராக அடைப்பதில் பயனில்லை, சேர்ந்துதான் அடைக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே பலகை எழுதி வைத்தால் மக்களும் முணுமுணுக்க மாட்டார்கள். மருந்துக்கடைகளும் பால் கடைகளும் முறை வைத்துத் திறந்திருக்கட்டும்.

வேலையாட்களுக்கு வார விடுமுறை தருவது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ள கடமை. அந்த விடுமுறையை இந்த நாளில் கழித்துக்கொள்ளாமல், சம்பளத்தோடு அவர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டால் நன்றாக இருக்கும்.

எந்த நாளில் போவது?

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். புயல் வந்தால் படகு ஓடாது. தீபாவளியும் பொங்கலும் நமக்கு அறுவடைக் காலம். மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று சிதம்பரத்தில் கால் வைக்க இடமிருக்காது. மாசி மகமும் கூடாது. விருத்தாசலத்தில் அன்று பெருந்திருவிழா, சுற்றுவட்டார வியாபாரம் களைகட்டும். அதே நாளில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருளுவார்; அங்கே இசுலாமிய மக்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வது வழிவழியாக வரும் வழக்கம். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் பிச்சாவரத்துக்குக் கிள்ளை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் படகுப் பயணத்துக்கு அந்த நாள் ஒத்துவராது. நமக்குப் பொருத்தமாகத் தோன்றுவது பொங்கல் கழித்து, ஆங்கில மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு வேலைநாள். சம்பளக்காரர்கள் கையில் காசில்லாத நாட்கள். கடையிலும் ஈ ஓட்டும் நாட்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் வழியாக எட்டு மணிக்குள் பிச்சாவரம் சேரலாம். படகுச் சவாரியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் கோயில், சாப்பாடு என்று நேரம் போக்கிவிட்டு மாலையில் போய் நின்றோம். சீட்டு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தவறு நம்முடையது, வீட்டில் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. விசைப்படகு வேகமாகப் போகும், ஆனால் அகன்ற நீரில்தான் போகும். துடுப்புப் படகில் ஏறுங்கள். மரக்கிளைகள் தலைக்கு மேல் கூடாரம் போட்ட குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். படத்தில் பார்த்த இடம் அங்கேதான் கண்ணுக்கு வரும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழிக் காடு இது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சுரபுன்னை மரம் கால் ஊன்றி நிற்பதுபோல் வேர்களைத் தண்ணீரில் இறக்கியிருக்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். இன்னொரு மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தலமரம் அதுதான். ஊருக்குள் காண்பது அரிது, இங்கே பார்க்கலாம். குழந்தைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கடலோரம் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அது பெரும் சேதமடைந்து, பல உயிர்கள் போயின. பிழைத்தவர்கள் உள்ளே தள்ளி வந்து குடியேறினார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலோ, மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்ததால் சேதம் குறைவு. படகில் போகும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். 2019 முதல் தடையிலுள்ள பிளாஸ்டிக் பைகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப் பாத்திரத்திலேயே போகட்டும்.

நடராசர் கோயிலில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். இடையில் உள்ள நேரத்தைச் சிதம்பரம் கடைவீதிகளில் கழிக்கலாம். நம்மவர்கள் எங்கே போனாலும் துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்காமல் திரும்புவதில்லை என்பது தெரிந்ததுதானே! மாலை தரிசனம் முடித்து, கத்தரிக்காய் கொத்சு தொட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பத்து மணிக்குள் வீடு சேரலாம்.

மேலே சொன்ன வணிகரிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னோம். “எல்லாரும் அடைச்சா நானும் அடைக்கிறேன்” என்றார். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச இருக்கிறோம். உறுப்பினர்கள், வீட்டில் எத்தனை பேர், கடையில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும். வேன் எத்தனை பேசுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.