நாம்தபா மழைக்காடு: பயணிகளுக்கு முடியும் பாதை, லிசு மக்களுக்கு முடியாத நடை

புதுதில்லி: நாட்டின் கிழக்கு எல்லையில், மியான்மரை ஒட்டி அமைந்துள்ளது அருணாசலப் பிரதேசத்தின் நாம்தபா தேசியப் பூங்கா. அங்கு பல நாள் நடைப்பயணத்தை முடித்துத் திரும்பும் குழுவினர் நோவா-திகிங் ஆற்றைக் கடந்து, தேபன் வன விடுதியின் படிகளில் அமர்ந்து முதலில் செய்யும் வேலை, காலணிகளைக் கழற்றி அட்டைகளை அகற்றுவதுதான்.

1983-இல் தேசியப் பூங்காவாகவும் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு 1,985 சதுர கி.மீ. தாழ்நிலப் பசுமை மாறாக் காட்டில் தொடங்கி, 4,571 மீட்டர் உயரமுள்ள தபாபும் சிகரம் வரை இது விரிந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் பாதைகள் மண்சரிவில் மறைந்துவிடும். எனவே அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே பயணத்துக்கு ஏற்ற காலம். அப்போதும் காட்டின் ஈரம் வற்றுவதில்லை. பிற மாநிலத்தவர் உள்நாட்டு எல்லை அனுமதிச் சீட்டும் பெற வேண்டும்.

தேபனிலிருந்து ஹல்திபாரி, ஹார்ன்பில், புல்புலியா முகாம்கள் வழியாகச் செல்லும் இப்பயணத்தில் வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் லிசு பழங்குடியினர் பலர் வருகின்றனர். நெற்றிப் பட்டையில் தொங்கும் பிரம்புக் கூடையில் அரிசியும் கூடாரமும் சுமந்து, கையிலுள்ள வெட்டுக்கத்தியால் வழியை ஒழுங்குசெய்தபடி அவர்கள் முன்னே நடப்பர். ஹூலக் குரங்கின் கூவலையும் இருவாய்ச்சியின் சிறகோசையையும் அடையாளம் காட்டுபவர்களும் அவர்களே.

பயணிகள் மியாவோ வழியாக ஊர் திரும்புகின்றனர். லிசு மக்களின் வீடுகளோ பூங்காவுக்கு அப்பால், காந்திகிராமம், விஜயநகர் பகுதிகளில் உள்ளன. மியாவோவையும் விஜயநகரையும் இணைக்கும் 157 கி.மீ. பாதை காட்டினூடே செல்கிறது. 1970-களில் அமைக்கப்பட்ட சாலை மழையாலும் மண்சரிவாலும் சிதைந்தபின், உப்பு வாங்கவும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் பல நாள் நடப்பதே அம்மக்களின் வழக்கமாயிற்று. அண்மை ஆண்டுகளில் சாலை சீரமைக்கப்பட்டு வண்டிகள் செல்லத் தொடங்கியபோதிலும், மழைக்காலத்தில் போக்குவரத்து தடைபடுகிறது.

இதில் இரு நியாயங்கள் மோதுகின்றன. சாலை வந்தால் மரம் வெட்டுவோரும் வேட்டைக்காரர்களும் உள்ளே நுழைவர் என்பது வனப் பாதுகாப்பு ஆர்வலர்களின் அச்சம். அதற்குக் காரணமும் உண்டு. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், காட்டில் பொருத்தப்பட்ட தானியங்கிக் கேமராக்களில் ஒரு புலிகூடப் பதிவாகவில்லை. பின்னர் நடந்த கணக்கெடுப்புகளிலேயே புலிகள் இருப்பது உறுதியானது. மறுபுறம், பூங்கா எல்லைக்குள் பயிரிடும் லிசு குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் எனக் கருதப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் குடியிருப்பையும் மேய்ச்சலையும் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ தேசியப் பூங்காக்களிலும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது.

நடைப்பயணத் தொழில் இவ்விரு நியாயங்களுக்கும் இடையே ஒரு சிறு பாலம். வேட்டையாடத் தெரிந்த கைகளுக்கு, விலங்கைக் காட்டிக்கொடுத்தே கூலி பெறும் வாய்ப்பை அது தருகிறது. ஆனால் அக்கூலி கிடைப்பது ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே. மீதி மாதங்களுக்கு நிலமும் சாலையும் மருத்துவமும் வேண்டும்.

தேபனில் பயணிகள் விடைபெற்றதும் வழிகாட்டி வெற்றுக் கூடையில் உப்பும் துணியும் நிரப்பிக்கொள்கிறார். அவரது வீடு காட்டுக்கு அப்பால் இருக்கிறது. அதுவரையுள்ள பாதையைக் காப்பது யார், பயன்படுத்துவது யார் என்ற கேள்விக்கு தில்லியும் இடாநகரும் விடை கூற வேண்டியுள்ளது.