தண்ணீர் வடியும் நேரம்

புயலில் சாயாத கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் சாய்ந்துவிடலாம். டிரை டாக் எனப்படும் உலர்துறைக்குள் நுழையும்போது டாக் மாஸ்டர் கவலைப்படுவது இதற்காகத்தான்.

உலர்துறை என்பது கரையோரத்தில் வெட்டிக் கட்டிய பெரும் கான்கிரீட் பள்ளம். விக்ராந்த் விமானந்தாங்கி உருவானதும் கொச்சியில் இப்படியொரு பள்ளத்தில்தான். பல துறைகளில் வாசற்கதவே ஒரு மிதக்கும் இரும்புப் பெட்டி. வாசலில் நிறுத்தி உள்ளே நீர் நிரப்பினால் அமிழ்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பம்புகள் பள்ளத்து நீரை இறைத்துவிடும்.

தரையில் முன்னதாகவே கட்டைகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கப்பலின் ஏரா (அடிமுதுகு) அவற்றின்மீது பிசகாமல் அமர வேண்டும். எங்கே அடுக்குவது என்பதைக் கப்பலின் வரைபடம் சொல்லும். இடம் தப்பினால் தகடு நெளியும்.

கப்பல் பெரும்பாலும் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தே உள்ளே வரும். அதனால் நீர் குறையும்போது பின்முனைதான் முதலில் கட்டையைத் தொடும். அப்போதிலிருந்து ஏரா முழுதும் படியும்வரை கப்பல் மிதக்கவுமில்லை, உட்காரவுமில்லை. கட்டை அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. கணக்குப்படி இது கப்பலின் அடியிலிருந்து பாரத்தை எடுத்துவிட்டதற்குச் சமம். ஈர்ப்பு மையம் மேலேறியதுபோல் ஆகிவிடும். சாய்ந்தால் தானே நிமிரும் வலு நிமிடத்துக்கு நிமிடம் குறையும். ஏரா முழுதும் படியப்போகும் தறுவாயில் அது மிகமிகக் குறைவு. பின்தாழ்வு கூடுதலாக இருந்தால் ஆபத்தும் கூடுதல். பாதி நிரம்பிய தொட்டிகளில் எண்ணெய் தளும்பினால் நிலைமை இன்னும் மோசம். இத்தனையையும் முன்பே கணக்கிட்ட பிறகுதான் பம்பை ஓட்டுவார்கள்.

அமர்ந்த பிறகும் நிம்மதி இல்லை. 2023 மார்ச்சில் எடின்பரோவின் லீத் துறைமுகத்தில், உலர்துறையில் இருந்த பெட்ரல் என்ற கப்பல் தாங்குகளிலிருந்து விலகிச் சாய்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஆழ்கடலில் மூழ்கிய போர்க்கப்பல்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பெயர் பெற்ற கப்பல் அது!

அடுத்த வேலைகள் அழுக்கானவை, ஆனால் நேரானவை. சரக்குக் கப்பல்களின் அடிப்பகுதியை ஐந்தாண்டுகளில் இருமுறை சோதிப்பது சர்வதேச விதி. அடியில் ஒட்டி வளர்ந்த பார்னக்கிள் என்ற ஓட்டுயிரிகளைச் சுரண்டி, மீயொலியால் தகட்டின் தடிமனை அளந்து, தேய்ந்த இடத்தை வெட்டிப் புதுத்தகடு பற்றவைப்பார்கள். கப்பலுக்குப் பதிலாகத் தாமே அரிபட்டுக் கரையும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுவார்கள். உயிரினங்கள் ஒட்டாதிருக்கப் பூச்சு அடிப்பார்கள். முன்பு இதில் வெள்ளீயச் சேர்மம் கலந்தார்கள். அது கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் பாதித்ததால் 2008 முதல் சர்வதேசத் தடை அமலில் உள்ளது.

வெளியேறும்போதும் அதே கண்டம் உண்டு. உள்ளே வந்தபோது எந்தத் தொட்டியில் எவ்வளவு பாரம் இருந்ததோ, ஏறக்குறைய அதே நிலை திரும்ப வேண்டும். மாறியிருந்தால் மறுபடி கணக்குப் போட வேண்டும். நீர் ஓரளவு ஏறியதும் நிறுத்திவிட்டு, ஆட்கள் அடித்தளத்தில் இறங்கி வால்வுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒழுகினால் நீரை மீண்டும் இறைப்பதைத் தவிர வழியில்லை.