ஒரு ரவைக்கூட்டின் கதை: நியூசிலாந்துத் துவக்குச் சட்டம்

"சேர், அந்த ஆளுக்குத் துவக்கு எப்படிக் கெடச்சிச்சு?" கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது ஒரு மாணவன் கேட்டான். திருடியிருப்பான், இல்லாவிட்டால் கள்ளச் சந்தையில் வாங்கியிருப்பான் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். தேடி வாசித்தபோது விடை வேறாக இருந்தது. கடையில், அனுமதிப்பத்திரத்தைக் காட்டித்தான் வாங்கியிருக்கிறான்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆவுக்கு வந்த 51 பேர் ஷஹீதாக்கப்பட்டனர். கொலையாளியின் பெயரைச் சொல்லமாட்டேன் என்றார் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன். நானும் சொல்லவில்லை.

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். விசையை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் விடும்வரை சுட்டுக்கொண்டே இருப்பது தன்னியக்கத் துவக்கு. அரைத் தன்னியக்கத் துவக்கில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு வெடி மட்டும். அடுத்த ரவை தானாகவே வந்து ஏறிக்கொள்ளும். முதல் வகையை நியூசிலாந்து எப்போதோ கட்டிப்போட்டுவிட்டது. விசேட அனுமதி பெற்ற சேகரிப்பாளர், நூதனசாலை, திரைப்படத் துறை போன்றோர்தான் அதை வைத்திருக்கலாம். கோளாறு இரண்டாம் வகையில் இருந்தது.

1990இல் அரமோவானா என்ற சிறு கரையோரக் கிராமத்தில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக்கொன்றான். அதன் பிறகு 1992இல் 'இராணுவப் பாணி அரைத் தன்னியக்கத் துவக்கு' என்றொரு வகுப்பைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதற்குத் தனி அனுமதி தேவை. ஆனால் அந்த வகுப்பைப் பிரித்துக்காட்டிய அடையாளங்களில் முக்கியமானது ரவைக்கூட்டின் அளவு. ஏழு ரவை கொள்ளும் கூட்டோடு இருந்தால் அது சாதாரணத் துவக்கு. சாதாரண அனுமதிப்பத்திரம் போதும். அதே துவக்கில் பெரிய கூட்டை மாட்டிவிட்டால் இராணுவப் பாணி. சரி, பெரிய கூட்டை வாங்க என்ன அனுமதி வேண்டும்? ஒன்றுமே வேண்டாம்! இணையத்தில்கூட வாங்கலாம். மாட்டுவது குற்றம், வாங்குவது குற்றமில்லை. இப்படியொரு சட்டத்தை என்னவென்று சொல்வது? கொலையாளி செய்ததும் இதைத்தான்.

அனுமதிப்பத்திரம் கிடைத்த விதம் இன்னும் மனதை வருத்துகிறது. அவன் அவுஸ்திரேலியன். 1996இல் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்டபின் அவனுடைய சொந்த நாடு இத்தகைய துவக்குகளைப் பொதுமக்களுக்கு ஏறக்குறைய முற்றாகவே மறுத்துவிட்டது. 2017 ஓகஸ்டில் நியூசிலாந்து வந்தவனுக்கு நவம்பரில் பத்திரம் கிடைத்தது. விண்ணப்பதாரி 'தகுதியும் பொருத்தமும் உடையவர்' என்று நெருங்கிய உறவினர் ஒருவரும் வேறொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். அவனுக்காகச் சொன்னவர்கள் இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். இதைப் பொலிசார் போதிய அளவு துருவிப் பார்க்கவில்லை என்று 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை கண்டது.

தாக்குதல் நடந்து ஆறாம் நாளே அரசாங்கம் தடையை அறிவித்தது. ஏப்ரல் 10ஆம் திகதி பாராளுமன்றத்தில் 119 பேர் ஆதரவு, ஒரேயொருவர் எதிர்ப்பு. அரைத் தன்னியக்கத் துவக்குகளில் பெரும்பாலானவை, பெரிய ரவைக்கூடுகள், அவற்றின் உதிரிப் பாகங்கள் எல்லாம் தடைக்குள் வந்தன. பத்து ரவைக்கு மேற்படாத .22 துவக்குகளுக்கும், ஐந்துக்கு மேற்படாத வேட்டைத் துவக்குகளுக்கும் விலக்கு உண்டு. விவசாயியின் தேவை அது. வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கொடுத்து டிசம்பர் 20 வரை திரும்பப் பெற்றார்கள். 56,000க்கும் மேற்பட்ட துவக்குகள் வந்துசேர்ந்தன.

நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தன, எத்தனை வராமல் நின்றன? யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் பழையது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்குப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று முடிவெடுத்து, சாதாரணத் துவக்குகளைத் தனித்தனியே பதிவதைக் கைவிட்டிருந்தது. பதிவை மீண்டும் கொண்டுவரும்படி நீதிபதி தோமஸ் தோர்ப் 1997இலேயே அறிக்கை கொடுத்தார். இராணுவப் பாணித் துவக்குகளைத் தடைசெய்யும்படியும் அதே அறிக்கையில் சொன்னார். தடை 2019இல் வந்தது. பதிவேடு திறந்தது 2023 ஜூனில்.